கொழுப்பும் நினைவும்

பேராதனை மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் மண்டபத்தில் நாம் முதலாம் வருட மாணவர்களாய் நின்ற தொண்ணூறுகளின் தொடக்கத்திலே கொழுப்பிழையத்துக்கு எவ்வித மரியாதையும் இருக்கவில்லை. தோலை உரித்ததும் வெளிப்படும் அந்த மஞ்சள் நிறப் பொருளைச் சாவணத்தாற் பற்றியெடுத்து மேசைக்குக் கீழிருந்த வாளியிற் போடுவோம். நரம்பும் குருதிக் கலனும் தசையுமே கற்கத்தக்கவை. அவற்றை மறைத்துக்கொண்டு கிடப்பது கொழுப்பு. உடற்றொழிலியல் விரிவுரைகளிலும் அதன் நிலை பெரிதும் உயர்ந்துவிடவில்லை. மிகையாக உண்டதைச் சேமித்து வைக்கும் பத்தாயம் அது, குளிரிலிருந்து உடலைக் காப்பது, அதிர்ச்சியைத் தாங்குவது. இவ்வளவுடன் அதன் வரலாறு முடிந்துவிடும். பத்தாயம் பேசும் என்றோ, அது பேசுவதை மூளை கேட்டுக்கொண்டிருக்கும் என்றோ அன்று எமக்கு எவரும் கூறவில்லை. கூறுவதற்குரிய சான்றுகளும் அன்று முழுமையாகத் திரண்டிருக்கவில்லை.

தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது இலக்கியம் பற்றிய ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். அவர்களுக்கு ஆறுதலாகச் சொல் பற்றிய குறிப்பொன்றையேனும் முதலில் தந்துவிடுகின்றேன். ஒருவன் துடுக்காகப் பேசினால் அவனுக்குக் கொழுப்பு என்பது எமது வழக்கு. ஊனிலுள்ள பொருளொன்றுக்கும் உள்ளத்தின் நிலையொன்றுக்கும் ஒரே சொல்லை வழங்கினர் தமிழர். இதனைக் காட்டி எம் முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுவாருடன் நான் உடன்படேன். உவமையிலிருந்து விஞ்ஞானம் பிறப்பதில்லை. ஆயினும், யாழ்ப்பாணத்தில் முதியோரின் நினைவு தடுமாறும் நிலையைக் குறிக்க வழங்கும் 'அறளை பெயர்தல்' என்ற தொடரை இங்கு நினைவுகூராதிருக்க இயலவில்லை. இன்று டிமென்சியா என்று நாம் எழுதும் நோய்க்குறித் தொகுதிக்கு ஊர் மக்கள் வைத்திருந்த பெயர் அது. அத்தொடரை என் தாயாரைக் குறித்து அயலவர் சொல்லக் கேட்டது 2017 ஆம் ஆண்டிலாகும்.

என் தாயார் 1943 இற் கோப்பாயிலே பிறந்தவர். ஐம்பத்திரண்டு வயதுவரை அவருடைய வாழ்க்கை கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் தோட்டத்துக்கும் இடையில் அமைந்திருந்தது. துலாவில் நீரள்ளினார், உரலில் மா இடித்தார், நல்லூர்த் திருவிழாவுக்கு நடந்தே போய்வந்தார். 1990 தொடக்கம் 1995 வரையான பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலே எவரும் கொழுப்பதற்கு வழியிருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வின் பின்னர் வன்னியூடாகக் கொழும்பு வந்து, வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடொன்றிற் குடியேறினார். அங்கே நீர் குழாயில் வந்தது. மா பையில் வந்தது. பாண் கடையிலிருந்து வந்தது. வீதியில் இறங்குவதற்கு அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் வேண்டியிருந்தன. ஆதலின் அவர் இறங்கவில்லை. சில ஆண்டுகளுள் அவருடைய வயிறு முன்தள்ளிற்று. கைகால்கள் முன்போலவே மெலிந்திருந்தன. அவர் கொழுத்தது தின்றதனால் அன்று, அடைபட்டதனால் என்றே நான் கருதுகின்றேன். 2004 இல் நீரிழிவு கண்டறியப்பட்டது. போர் முடிந்த மறு ஆண்டில் ஊர் திரும்பினார். 2012 அளவில், உணவில் எம்மாற்றமும் இன்றி, நிறை குறையத் தொடங்கிற்று. "வண்டி வத்தி இப்ப நல்லாயிருக்கிறா" என்றனர் அயலவர். ஐந்து ஆண்டுகளின் பின் அதே அயலவர் அறளை பெயர்ந்துவிட்டது என்றனர். இவ்விரு கூற்றுக்கும் இடையிலுள்ள தொடர்பினை விளங்கிக்கொள்ள முயன்றதன் பயனே இக்கட்டுரை.

கொழுப்பு எங்கே படிகின்றது என்பது அதன் அளவினும் முக்கியமானது என்பதை 1947 இலேயே பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர் ஜான் வாக் எடுத்துக் கூறினார். இடையிலும் வயிற்றிலும் படியும் கொழுப்பையும், இடுப்புக்குக் கீழே தொடைகளிற் படியும் கொழுப்பையும் அவர் வேறுபடுத்தினார். முன்னையதே நீரிழிவுடனும் நாடி நோய்களுடனும் சேர்ந்து வருவது என்றார். அக்கூற்று நெடுங்காலம் உரிய கவனத்தைப் பெறவில்லை.

அடுத்த கதை எலிகளுடையது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் 1949 அளவில் அடங்காப் பசியுடன் தின்று பருக்கும் எலி வகையொன்று தற்செயலாகத் தோன்றியது. அங்கு பணியாற்றிய டக்ளஸ் கோல்மன் அத்தகைய எலியொன்றின் குருதியோட்டத்தை இயல்பான எலியொன்றின் குருதியோட்டத்துடன் அறுவை முறையால் இணைத்துப் பார்த்தார். பருத்த எலியின் பசி தணிந்தது. இயல்பான எலியின் குருதியில் 'போதும்' என்று சொல்லும் பொருளொன்று இருத்தல் வேண்டும், பருத்த எலியிடம் அது இல்லை என்று அவர் துணிந்தார். அப்பொருளைக் குறிக்கும் பரம்பரையலகினை நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்திலே ஜெப்ரி பிரீட்மனும் அவர்தம் குழுவினரும் 1994 இற் கண்டுபிடித்தனர். மெலிவு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்ரின் எனப் பெயரிட்டனர். அந்த ஓமோனைச் சுரப்பது எது? நாம் வாளியிற் போட்ட அதே கொழுப்பு.

லெப்ரின் மூளையின் பசி மையத்துடன் மாத்திரம் பேசுவதன்று. புதிய நினைவுகள் உருவாகுமிடமாகிய, கடற்குதிரையின் வடிவையொத்த கிப்போகம்பசுப் பகுதியிலும் அதற்கான வாங்கிகள் உள்ளன. கொழுப்பு மிகும்போது லெப்ரினும் மிகுகின்றது. ஆனால் ஓயாது ஒலிக்கும் ஒலிபெருக்கிக்குக் கோயில் அயலவர் பழகிவிடுவதுபோல மூளை அதனைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றது.

இன்னொரு செய்தி இதனினும் கடுமையானது. 1993 இல் ஹார்வர்ட் ஆய்வாளர் சிலர், பருத்த எலிகளின் கொழுப்பிழையம் அழற்சியைத் தூண்டும் புரதமொன்றை வெளிவிடுவதைக் காட்டினர். பத்தாண்டுகள் கழித்து, 2003 இல், வேறிரு குழுவினர் அவ்விழையத்தினுள்ளே தின்குழியங்கள் கூட்டமாகக் குடியேறியிருத்தலைக் கண்டனர். கிருமி புகுந்தவிடத்துக்கு விரைய வேண்டிய காவற்படை, கிருமியே இல்லாத வயிற்றுக் கொழுப்பில் முகாமிட்டிருக்கின்றது. காய்ச்சலில்லை, வீக்கமில்லை, நோவில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் மெல்லெனக் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி. உமியடுப்பைக் கண்டவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. இவ்வழற்சி குருதி வழியே சென்று சிறு நாடிகளின் உட்சுவரைக் கெடுக்கின்றது. குருதிக்கும் மூளைக்குமிடையிலுள்ள தடுப்பை நெகிழச் செய்கின்றது. தசையும் ஈரலும் இன்சுலினுக்குப் பணியாதவாறு செய்கின்றது.

இன்சுலினின் கதை மறதி நோயுடன் எங்கே வந்து சேர்கின்றது என்பதை அறிய அலோயிஸ் அல்ஸைமரை நினைக்கவேண்டும். 1901 இற் பிராங்பேர்ட்டில் அவரிடம் வந்த ஐம்பத்தொரு வயதுப் பெண்ணொருவர் தம் பெயரைக்கூட ஒழுங்காக எழுத முடியாதிருந்தார். 1906 இல் அவர் இறந்தபின் அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியிற் பரிசோதித்த அல்ஸைமர், கலங்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே சிக்குண்ட நார்களையும் கண்டார். வெளியேயுள்ள படிவு அமிலோயிட்டு என்ற புரதத் துணுக்கு. இத்துணுக்கை உடைத்து அகற்றும் நொதியங்களுள் ஒன்று, இன்சுலினை உடைக்கும் அதே நொதியம். இன்சுலின் மிகுந்து கிடக்கும் உடலில் அந்நொதியம் அதனுடனேயே மாரடித்துக்கொண்டிருக்க அமிலோயிட்டு தேங்குகின்றது என்று சிலர் கருதுவர். இது கவர்ச்சியான கருத்து. ஆனால் மனித மூளையில் நிகழும் தேய்வில் இதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் வழக்கு முடியாத விடயம். சிறு நாடிகள் கெடுவதன் பங்கோ ஐயத்துக்கிடமற்றது. நெதர்லாந்தின் றொட்டர்டாம் ஆய்வு 1999 இல், நீரிழிவுடைய முதியோருக்கு டிமென்சியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என அறிவித்தது.

வயிற்றை நேரடியாகவே அளந்த ஆய்வொன்றும் உண்டு. வட கலிபோர்ணியாவில் 1964 க்கும் 1973 க்கும் இடையில் நடுத்தர வயதினர் 6,583 பேரின் வயிற்றுத் தடிப்பை அளந்து குறித்திருந்தனர். ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகளின் பின்னர் அக்குறிப்பேடுகளை மீளவும் எடுத்து நோக்கியபோது, வயிறு மிகப் பருத்திருந்த ஐந்திலொரு பங்கினருக்கு, மிக ஒடுங்கியிருந்த ஐந்திலொரு பங்கினரிலும் கிட்டத்தட்ட மும்மடங்கு டிமென்சியா ஏற்பட்டிருந்தது. 2008 இல் வெளிவந்த இவ்வாய்வு என்னை வியப்பிலாழ்த்தியதற்குக் காரணம் மும்மடங்கு என்ற எண் அன்று. மொத்த நிறை இயல்பாயிருந்து வயிறு மட்டும் பருத்திருந்தோருக்கும் ஆபத்து மிகுந்திருந்தது என்பதே. கைகால் மெலிந்து வயிறு முன்தள்ளிய என் தாயாரின் உருவத்தை இவ்வரிகளிற் கண்டேன்.

இவ்வுருவம் அவருக்கு மாத்திரம் உரியதன்று. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் நகரத்து மருத்துவர் யுட்கினும் 2004 இற் தம்மையே சான்றாக்கி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டனர். இருவருக்கும் உடற்றிணிவுச் சுட்டி ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலிற் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். தென்னாசியரின் மெலிந்த தோற்றத்தினுள்ளே கொழுப்பு ஒளிந்திருத்தலை இதனிலும் சிக்கனமாக எவரும் நிறுவியதில்லை. ஆகவே எமக்குரிய எல்லைக் கோடுகள் வேறு. ஐரோப்பிய ஆணுக்கு 94 சென்ரிமீற்றர் இடுப்பளவு எல்லையெனின் தென்னாசிய ஆணுக்கு அது 90, பெண்ணுக்கு 80. என் இடுப்பு 93. பிரித்தானியனாய்ப் பிறந்திருந்தால் இப்பந்தியை நான் நிம்மதியாக எழுதியிருக்கலாம்.

இலங்கையில் 2005-2006 இல் நடைபெற்ற நாடளாவிய நீரிழிவு ஆய்வு, வளர்ந்தோருள் 10.3 சதவீதத்தினருக்கு அந்நோய் உண்டு எனக் கண்டது. நாடளாவிய என்ற அடைமொழியில் வடக்கும் கிழக்கும் அடங்கவில்லை. எம்மவரின் இடுப்பை அளப்பதற்கும் போர் இடந்தரவில்லை. மறதி நோயைப் பற்றி ராகமப் பகுதியில் நடைபெற்று 2003 இல் வெளியான ஆய்வு, அறுபத்தைந்து வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் அதனைக் கண்டது.

இனி, நிறை குறைந்த அந்த ஐந்தாண்டுகளுக்கு வருவோம். 2015 இற் பிரித்தானியாவில் ஏறத்தாழ இருபது இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஒரு குழுவினர், மெலிந்தோருக்கே டிமென்சியா மிகுதி, பருத்தோருக்குக் குறைவு என்று அறிவித்தனர். பத்திரிகைகள் மகிழ்ந்தன, பருத்தோரும் மகிழ்ந்தனர். இம்முரண்பாட்டைப் பெரிதும் தெளிவித்தது, இலண்டன் அரசாங்க ஊழியர் பதினாயிரம் பேரை இருபத்தெட்டு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 2018 இல் வெளியான ஆய்வு. ஐம்பது வயதிற் பருத்திருத்தல் பிற்கால டிமென்சியாவுக்கான வாய்ப்பைக் கூட்டியது. அறுபதிலும் எழுபதிலும் பருத்திருத்தல் அவ்வாறு கூட்டவில்லை. மேலும், நோய் அறியப்படுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர்களின் உடற்றிணிவுச் சுட்டி சரியத் தொடங்கியிருந்தது. ஆகவே முதுமையில் மெலிதல் பலருக்கு நோயின் காரணமன்று, நோயின் முன்னோடி. பசியையும் சுவையையும் மணத்தையும் ஆளும் மூளைப் பகுதிகள், பெயர்களை மறக்கும் முன்னரே உணவை மறக்கத் தொடங்கிவிடுகின்றன போலும். அயலவர் கண்டு மகிழ்ந்த மெலிவு அதுவாகவே இருத்தல் வேண்டும்.

உணவு பற்றி இவ்வளவு தாமதித்து எழுதுவதற்குக் காரணமுண்டு. கொழுப்பு பற்றிய ஆய்வுகள் ஓரளவு உறுதியானவை. உணவு பற்றியவையோ வழுக்குநிலம். மூளை உடல் நிறையின் 2 சதவீதமே. ஆயினும் உடல் செலவிடும் சக்தியில் ஐந்திலொரு பங்கை அது உண்கின்றது. அதன் உலர்ந்த நிறையிற் பாதிக்கு மேல் கொழுப்பே. உடலிலுள்ள கொலஸ்திரோலில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு மூளையில் உள்ளது. அதை அது தானே ஆக்கிக்கொள்கின்றது, தட்டிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. மீன்களிலுள்ள ஒமேகா-3 வகைக் கொழுப்பமிலங்களையோ வெளியிலிருந்து பெறுகின்றது. எமது கடலிற் பிடிபடும் சூடையும் சாளையும் இவ்வகையில் விலையுயர்ந்த எந்த மீனுக்கும் தாழ்ந்தவையல்ல.

ஆனால் இன்ன உணவை உண்டால் இன்னவாறு நினைவு நிலைக்கும் என்று பரிசோதனையால் நிறுவுவது வேறு காரியம். ஸ்பெயினில் 447 முதியோரிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான பரிசோதனையில் ஒலிவ் எண்ணெயோ கொட்டை வகைகளோ சேர்த்துக்கொண்டோரின் நினைவாற்றல் ஓரளவு மேம்பட்டு நின்றது. சிக்காகோவில் மார்தா கிளேர் மொறிஸ் வகுத்த, கீரையையும் பெரிப் பழங்களையும் முதன்மைப்படுத்தும் உணவுமுறையை 604 பேரிடம் மூன்றாண்டு பரிசோதித்து 2023 இல் வெளியிட்ட முடிவோ, ஒப்பீட்டுக் குழுவிலிருந்து குறிப்பிடத்தக்க வேறுபாடெதனையும் காட்டவில்லை. இரு குழுவினரும் உணவின் அளவை மிதமாகக் குறைத்திருந்தனர் என்பதையும், இருபது ஆண்டுகளில் வளரும் நோயை மூன்றாண்டுகளில் அளக்க முயன்றனர் என்பதையும் மனங்கொள்ள வேண்டும். பின்லாந்தில் 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, குருதியமுக்கக் கண்காணிப்பு ஆகிய அனைத்தையும் ஒருங்கே செய்து பார்த்ததில் இரண்டாண்டுகளில் சிறிது பயன் தெரிந்தது. அப்பயனில் தட்டின் பங்கு எது, நடையின் பங்கு எது என்று எவராலும் பிரித்துக்கூற முடியாது. உடற் பருமனைக் குறைப்பதிற் புகழ்பெற்ற செமாகுளுட்டைட்டு என்ற மருந்தை ஆரம்பநிலை அல்ஸைமர் நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த பெரும் பரிசோதனைகளும் தேய்வின் வேகத்தைத் தணிக்கவில்லை என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

கொழுப்பை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் தகாது. 2024 இல் வெளிவந்த லான்செற் ஆணைக்குழுவின் அறிக்கை, டிமென்சியாவில் 45 சதவீதம் வரை தவிர்க்கவோ பிற்போடவோ கூடியது என்று மதிப்பிட்டுப் பதினான்கு காரணிகளைக் காட்டியது. அவற்றுள் உடற் பருமனுக்கென ஒதுக்கிய பங்கு 1 சதவீதமே. செவிப்புலன் குறைவுக்கு 7, சிறுவயதிற் கல்வியின்மைக்கு 5. பருமன் வழியே வரும் நீரிழிவும் குருதியமுக்கமும் தனித்தனியே கணக்கிடப்பட்டுள்ளன என்பது மெய். ஆயினும் தம் வயிற்றைத் தடவிப் பார்த்து அஞ்சுவோர் தம் காதையும் ஒருமுறை பரிசோதிப்பது நன்று.

இவையெல்லாம் எமது வீட்டில் வழக்காடப்படும் விடயங்கள். ரொறன்ரோவில் வாழும் அண்ணர் அம்மாவுக்கென ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்: சோறு நிறுத்தப்பட வேண்டும், பாணும் சீனியும் வீட்டுக்குள் வரக்கூடாது, காலையும் மாலையும் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் பருக்கவேண்டும். இறுதியிற் கூறியது ஏதோ காணொளியிலிருந்து வந்தது. அதன் பின்னே ஒரு மெய்யான விஞ்ஞானம் இல்லாமலில்லை. அல்ஸைமர் நோயில் மூளை குளுக்கோசை எடுத்தாளும் திறன் குறைகின்றது. கீற்றோன்கள் எனப்படும் மாற்று எரிபொருளை ஆளும் திறன் பெரிதும் எஞ்சுகின்றது. ஆனால் தேங்காயெண்ணெயிற் கிட்டத்தட்டப் பாதி லோரிக்கமிலம். கீற்றோன்களை நன்கு தரும், லோரிக்கமிலத்தினும் சற்றுக் குறுகிய நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பமிலங்கள் அதிற் சிறிதளவே. தேங்காயும் பாலுமாகவே உண்டு வளர்ந்த எமது சமூகத்தில் அறளை என்ற சொல்லே தோன்றியிருக்கக்கூடாதே என்று அண்ணரிடம் கேட்டேன். அவர் அதைக் குதர்க்கம் என்றார்.

அம்மாவுடன் இருந்து அவரைப் பராமரிப்பவள் தங்கச்சி. நான் கண்டியில் வைத்தியத் தொழிலில் இருக்கின்றேன். மாதமொருமுறை ஊருக்குப் போகின்றேன். அம்மா இப்பொழுது 41 கிலோகிராம். அண்ணரின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைக் குடுக்கிறதோ, அவ கேக்கிறதைக் குடுக்கிறதோ" என்று தங்கச்சி என்னைக் கேட்டாள். அண்ணரின் அன்பை நான் ஐயுறவில்லை. ஆனால் எண்பதைக் கடந்த, மெலிந்த, நினைவு தேய்ந்த நீரிழிவாளரின் குருதி வெல்லத்தை இறுக்கிப் பிடிப்பது ஆபத்து. 2009 இல், 16,667 நீரிழிவாளரைக் கொண்ட கலிபோர்ணிய ஆய்வொன்று, வெல்லம் அளவுமீறித் தாழ்ந்து வைத்தியசாலை சேர்ந்தோருக்கே பின்னர் டிமென்சியா மிகுந்தது எனக் காட்டியது. உணவைக் குறைத்து மாத்திரையை அப்படியே கொடுத்தால் ஓர் இரவிலே அம்மா எழும்பாமற் போகலாம். ஆகவே மாத்திரையொன்றை நிறுத்தினேன். கேட்டதைக் கொடு என்றேன். மீன் இருந்தால் முள் நீக்கிக் கொடு, முட்டை கொடு, விழுங்கும்போது நிமிர்த்தி இருத்து. தங்கச்சி குரக்கன் புட்டில் வாழைப்பழத்தைப் பிசைந்து தீத்துகின்றாள்.

அந்தப் பட்டியலை நான் எறிந்துவிடவில்லை. எண்ணெயை நீக்கிவிட்டுப் பார்த்தால் அது முறையான பட்டியல்தான். முகவரி மட்டும் பிழை. சோற்றைக் குறைக்கவும், பாணை விடவும், சீனியை நிறுத்தவும் வேண்டியவர் ஐம்பத்தெட்டு வயதில், நாள்முழுதும் கதிரையிலிருந்து கணக்குப் பார்க்கும், சட்டைப் பொத்தான்கள் இறுகிய அண்ணரே. அவருக்கு அடுத்தபடி நான். கடந்த மாதம் அவருக்கு எழுதியபோது அம்மாவின் உணவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நாடாவை எடுத்து, மூச்சை வெளிவிட்டு, தொப்புள் மட்டத்தில் தம் இடுப்பை அளந்து அனுப்பும்படியும், சாப்பிடுமுன் எடுத்த குருதி வெல்ல அளவையும் குருதியமுக்கத்தையும் அதனுடன் அனுப்பும்படியும் கேட்டேன். என் 93 ஐயும் நேர்மைக்காகக் குறித்திருந்தேன். "நான் அம்மாவைப் பற்றிக் கேட்டதுக்கு முதல் மறுமொழி சொல்லு" என்று பதில் வந்தது. அளவு வரவில்லை.

அம்மா அண்மைக்காலமாகப் பின்னேரம் நாலு மணியானதும் பாணும் சம்பலும் கேட்கின்றார். வெள்ளவத்தைக் கடைப் பாண்தான் வேண்டுமாம். மூன்றாம் மாடியிலிருந்து யாரேனும் இறங்கிப் போய் வாங்கிவர வேண்டுமாம். தங்கச்சி படலைவரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, கோப்பாய்ச் சந்தியில் வாங்கியதை அதுதான் இது என்று கொடுக்கின்றாள்: இரண்டு துண்டு, முருங்கையிலைச் சொதியில் தோய்த்து.